பதினான்காம் பக்கம்

ஓசூர் சிப்காட்டில் எங்கள் கம்பெனி
போர்வெல் மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் பெட்டி செய்கிறது.
பெட்டி அவர்கள் வேலை.
பெட்டிக்குள் இல்லாத காகிதம் என் வேலை.

முன்பு அட்டைப்பெட்டியோடு ஒரு கையேடு போகும்.
செலவென்று நிறுத்தினார்கள்.
இப்போது மூடியில் கட்டம் போட்ட ஒரு முத்திரை,
போனைக் காட்டினால் என் பக்கம் திறக்கும்:
தமிழ், கன்னடம், தெலுங்கு,
கீழே பச்சையில் ஒரு பொத்தான்.
'பதிவிறக்கு' என்று எழுதியிருந்தேன்.
'தளிப் பக்கம் யாருக்கும்மா புரியும்,
டவுன்லோடுன்னே போடு' என்றார் நரசிம்மலு சார்.
எனக்கு அந்த 'இறக்கு' பிடித்திருந்தது.
கிணற்றில் எதையோ விடுவதுபோல்.

முதல் மாதம் கோப்பின் எடை நாற்பத்தெட்டு எம்பி.
மேலேயிருந்து எடுத்த தொழிற்சாலைப் படம்,
முதலாளி வாழ்த்துரை, மூன்று விருதுகள்,
அதற்கப்புறம்தான் ஒயர்.
பொத்தானுக்கு முன்னால் விற்பனைப் பிரிவு வைத்த படிவம் வேறு.
பெயர், ஊர், போன், மின்னஞ்சல்.

ஒரு திங்கட்கிழமை பதிவுகளைப் புரட்டினேன்.
பெயர் கெம்பம்மா. ஊர் அஞ்செட்டி.
நேரம் ராத்திரி இரண்டு நாற்பது,
மும்முனைக் கரண்ட் வந்திருக்கும்.
பதினோரு தடவை படிவம் நிரப்பியிருக்கிறார்.
பதினோரு தடவையும் பாதிக்குமேல் வந்து
அறுந்து விழுந்திருக்கிறது வாளி.
கடைசித் தடவை மின்னஞ்சல் கட்டத்தில்
'தண்ணி இல்ல சார்'.

அன்றைக்கே தொழிற்சாலையை வெட்டினேன்.
வாழ்த்துரையை வெட்டினேன்.
படிவத்தையும் எடுத்துவிட்டேன், யாரையும் கேட்காமல்.
மூன்று எம்பி.
மெமோ ஒரு பக்கம்தான் வந்தது,
அதை யாரும் இறக்கத் தேவையில்லை.

ஆனால் அவசரத்தில் ஒன்று நடந்தது.
பதினான்காம் பக்கத்தில்
சிவப்பு ஒயரும் நீல ஒயரும் இடம் மாறிவிட்டன.
மோட்டார் தலைகீழாய்ச் சுற்றும்.
சத்தம் சரியாக இருக்கும்,
தண்ணீர் பேருக்கு வரும்.
கண்டுபிடிக்கப் பத்தொன்பது நாள்.
அதற்குள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இறக்கிவிட்டார்கள்.
திருத்தி, பெயரில் ஒரு எண் கூட்டி, ஏற்றினேன்.
ஏற்றினால் என்ன?
போனது போன இடத்தில் இருக்கிறது.
வாட்ஸப்பில் கைமாறி,
ஜெராக்ஸ் கடையில் இரண்டு ரூபாய்க்குக் காகிதமாகி,
யார் வீட்டு மோட்டார் கொட்டகையிலோ ஆணியில் தொங்கி.

ராயக்கோட்டைக்குப் போனது வேறு வேலையாக.
தக்காளி மண்டி வாசலில் கூடைகளுக்கு வழிவிட்டு
ஒதுங்கி நின்ற இடம் ஒரு வைண்டிங் கடை.
சுவரில் லேமினேஷன் போட்டு
என் பதினான்காம் பக்கம்.
பழையது.

வயிறு சில்லென்றது.
கிட்டப் போய்ப் பார்த்தேன்.
பிளாஸ்டிக்குக்கு அடியில் பேனா மை:
சிவப்பை அடித்து நீலம், நீலத்தை அடித்து சிவப்பு.
ஓரத்தில், 'மாத்தி எழுதிட்டாங்க. இப்படிப் போடு.'
அதற்கும் கீழே நான் எழுதவே எழுதாத ஒரு வரி:
'கேபிள் ஓட்டையை அடை. பல்லி பூரும்.'

காயில் சுற்றிக்கொண்டே நிமிராமல் கேட்டார் கடைக்காரர்,
இருசப்பன் என்று போர்டில் இருந்தது,
'எத்தன ஹெச்பிங்க மோட்டாரு?'
'ஏழரை' என்றேன்.
என்னிடம் மோட்டாரும் இல்லை, கிணறும் இல்லை.
போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்றதற்கு
'அது கம்பெனிக்காரன் போட்டதுங்க,
நெட்லயே கெடைக்கும்' என்றார்.

மறுநாள் புதுப் பதிப்பு.
நரசிம்மலு சார் கண்ணாடியை ஏற்றிப் படித்தார்.
'பல்லி வேணாம்மா.
சிறு உயிரினங்கள்னு போடு, கௌரவமா இருக்கும்.'

சரி சார் என்றேன்.

பதினான்காம் பக்கத்தை இறக்கிப் பாருங்கள்.
பல்லி அங்கேதான் இருக்கிறது.